விழிப்புணர்வுத் தாய்

ஆரம்ப அறிகுறி விழிப்புணர்வு நிலையம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் திறந்து வைக்கப்பட்ட அன்று நாடா இரண்டு தரம் வெட்டப்பட்டது. முதல் தரம் வெட்டியபோது பத்திரிகைக்காரர் வந்து சேரவில்லை. அவர் வந்த பிறகு வெட்டிய நாடாவை முடிந்து கட்டி, பிரதம அதிதியைத் திரும்பவும் வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, இன்னொரு தரம் வெட்ட வைத்தார்கள். முடிச்சுத் தெரியாமல் இருக்க அதில் ஒரு ரோசாப்பூவைக் குத்தினார்கள். அந்த நிலையத்தில் தொடங்கி முடித்த வேலை அது ஒன்றுதான் என்று நான் சொன்னால் பணிப்பாளர் குணரத்தினம் கோபிப்பார். கோபிக்கட்டும்.

நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகளிடம் ஓட்டிசத்தின் அறிகுறி இருந்தால் பெற்றோர் அதை நேரத்தோடு கண்டுகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். பஸ் நிலையத்திலும் மீன் சந்தையிலும் பெரிய பதாகைகள் தொங்கின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா? முகம் பார்த்துச் சிரிக்கிறதா? இல்லையென்றால் ஒரு நாளும் தாமதியாமல் எங்களிடம் வாருங்கள். பதாகையில் பாதி இடத்தைப் பணிப்பாளரின் சிரித்த முகம் பிடித்துக்கொண்டதால் அறிகுறிகளைப் பொடி எழுத்தில் போட வேண்டியதாயிற்று.

பாலையூற்றில் குடியிருந்த டிலக்ஷிக்குப் பதாகை தேவைப்படவில்லை. அவளுடைய மகன் றிக்சனுக்கு அப்போது இரண்டரை வயது. பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் மற்றப் பிள்ளைகள் வெளியே ஓடும். இவன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஓடுவான். ஒரு நாள் பஸ் நிலையத்தடியில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று ஒரு மனுசியின் மரக்கறிப் பைக்குள் தலையை விட்டது. பக்கத்தில் நின்ற கைப்பிள்ளைகூட விரலை நீட்டி "அந்தா, அந்தா" என்றது. றிக்சனோ, பக்கத்தில் யாரோ நிறுத்தி வைத்திருந்த சைக்கிளின் சில்லைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விடாய்த்தால் அவன் அழுது கேட்பதில்லை, அம்மா என்று கூப்பிடுவதுமில்லை. தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைக் குழாயின் மேல் வைப்பான். தாயின் முகத்தை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

கணவன் மெல்ரோய் கொட்பே மீன்பிடித் துறையில் படகு என்ஜின் திருத்துகிறவன். "நானும் பிந்தித்தான் கதைச்சனானாம், ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பின்னேரம் வேலையால் வந்து மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கிட்டப் போய்க் கூப்பிட்டான். காதுக்குப் பக்கத்தில் குனிந்து கூப்பிட்டான். பிள்ளை திரும்பவில்லை. அந்த நேரம் டிலக்ஷி குசினியில் பிஸ்கற் பக்கற்றைப் பிரித்தாள். அந்தச் சரசரப்புக்கு மட்டும் பிள்ளை சட்டென்று திரும்பினான். மெல்ரோய் பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினான்.

"காது கேக்குது" என்றான். பிறகு அவன் வாதாடவில்லை.

ஆஸ்பத்திரி டொக்டரும் அதையேதான் சொன்னார். "காது நல்லாத்தான் இருக்கு. ஓட்டிசம் எண்டுதான் நினைக்கிறன். பயிற்சியை இப்பவே துவங்குங்கோ. பள்ளிக்கூடம் போற வயசு வந்தாப் பிறகு துவங்கினா வலு கஷ்டம். இங்க எங்களிட்ட ஆள் இல்ல. புது நிலையம் ஒண்டு திறந்திருக்கு, அங்க போங்கோ." கொழும்பில் பயிற்சி இருக்கிறதுதான். ஆனால் கிழமைக்குக் கிழமை பிள்ளையோடு கொழும்புக்குப் போய்வர ஒரு என்ஜின்காரனின் நாட்கூலி இடம் கொடுக்காது. ஆகவே அந்தப் பிள்ளையின் வாய் திறப்பது உட்துறைமுக வீதியின் கையில் இருந்தது.

பணிப்பாளர் அவளை மரியாதையாகக் கதிரையில் இருத்தினார்.

"அறிகுறியைக் கண்டது ஆர்?"

"நான்தான் சேர்."

"எங்கட கூட்டத்துக்கு வந்து அறிஞ்சனீங்களோ?"

"இல்ல சேர். பெத்த எனக்குத் தெரியாதே?"

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். செத்த வீட்டுக்கு வந்தவர் போல அவளைப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்கட இலக்கு என்னெண்டா, அறிகுறியைக் கண்டுகொள்ளாத பெற்றோர். அவையைக் கண்டுகொள்ள வைக்கிறதுக்குத்தான் இந்த நிலையம். நீங்கள் ஏற்கெனவே விழிப்படைஞ்சிட்டீங்கள். விழிப்படைஞ்ச ஆளுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"பிள்ளைக்குப் பயிற்சி குடுக்கிறேல்லையே சேர்?"

"அதுக்குப் பேச்சுச் சிகிச்சையாளர் எண்டு ஒரு பதவி இருக்கு. அனுமதி கிடைச்சிட்டுது. ஆள்தான் இல்ல. பதவி இருக்கிறதே பெரிய காரியம். சில மாவட்டங்களில பதவியே இல்ல, தெரியுமே?"

இப்படிப்பட்ட கொடுப்பினையைப் பெற்றும் அவள் முகம் மலரவில்லை. வெளிக்கள உத்தியோகத்தர் அஸ்மியாவுக்கு அது பொறுக்கவில்லை. "வாங்க, பயிற்சி அறையையாவது காட்டுறன்" என்று மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறை பூட்டியிருந்தது. கண்ணாடி யன்னலால் பார்க்கலாம். சின்னக் கதிரைகள், நிறநிறப் பந்துகள், மரக்கட்டைகள், ஊஞ்சல், எல்லாம் பொலித்தீன் உறையோடு இருந்தன.

"உறையைப் பிரிக்கேலாது" என்றாள் அஸ்மியா, தான் செய்த குற்றம் போல. "சிகிச்சைக்கு வாற ஆள் புதுச் சாமானாகப் பொறுப்பெடுக்க வேணுமாம்."

றிக்சன் யன்னலில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு பந்துகளைப் பார்த்தான். இழுத்தும் வரவில்லை. கடைசியில் தன் போனில் ஒரு சில்லுப் படத்தைக் காட்டித்தான் டிலக்ஷி அவனைப் படியிறக்கினாள்.

கீழே வந்தபோது அஸ்மியா பணிப்பாளரிடம் மெல்லச் சொன்னாள். "சேர், திட்டத்தில விழிப்புணர்வுத் தாய் எண்டு ஒண்டு இருக்குதானே. இன்னும் ஆள் கிடைக்கல்ல."

பணிப்பாளரின் முகத்தில் வெளிச்சம் அடித்தது. டிலக்ஷி பிள்ளையோடு ஊர் ஊராகக் கூட்டங்களுக்கு வர வேண்டும். தான் எப்படிக் கண்டுகொண்டாள் என்று மேடையில் சொல்ல வேண்டும். பதிலுக்கு, சிகிச்சையாளர் வருகிற அன்றைக்கு அவர் பார்க்கிற முதல் பிள்ளை றிக்சன். "முதலாம் இடம். இது என்ர வாக்கு" என்றார். டிலக்ஷி கையெடுத்துக் கும்பிட்டாள். கடலில் விழுந்தவளுக்குக் கயிறு கிடைத்ததாகவே நினைத்தாள், பாவம்.

முதல் கூட்டம் சல்லி என்ற மீனவக் கிராமத்தில், கோயிலுக்குப் பக்கத்தில். காயப் போட்ட கருவாட்டைப் பெண்கள் அள்ளிக் கட்டிவிட்டு வந்து குந்தினார்கள். மங்கல விளக்கு ஏற்றினார்கள். நாலு சமயப் பெரியார்களும் ஆசி வழங்கினார்கள். வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. மேளச் சத்தத்துக்கு றிக்சன் மேடைக்குக் கீழே புகுந்துவிட்டான். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நேரத்தின் அருமை கருதி நான் சுருக்கமாகப் பேச விரும்புகிறேன்" என்று இருமலோடு இழுத்துத் தொடங்கியவர், வெயில் தலைக்கு மேலே வந்து மறுபக்கம் சாயும் வரைக்கும் சுருக்கினார். "நான் பதவியேற்றபோது இந்த மாவட்டத்தில் ஓட்டிசத்தை யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நீங்கள் போகிற இடமெல்லாம் என்னைத் தெரியும். எங்கள் நிலையத்தில் இதுவரை ஒரு பிள்ளைக்குக்கூடத் தவறான சிகிச்சை வழங்கப்பட்டதில்லை. சிகிச்சையே வழங்காத நிலையில் இப்படி ஒரு பெயரைக் காப்பாற்றுவது எளிதான காரியமல்ல."

சனம் கை தட்டியது. அடுத்ததாகச் செயல்முறை விளக்கம். றிக்சனை வெளியே எடுத்து மேடையின் நடுவில் நிறுத்தி, முழுப் பெயரையும் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். சல்லிக் கடற்கரை முழுக்க அவன் பெயர் கேட்டது. படகில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை.

"பார்த்தீர்களா!" என்றார் பணிப்பாளர். சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது. தன் பிள்ளை திரும்பாததற்குக் கை தட்டல் வாங்கிய முதல் தாய் டிலக்ஷியாகத்தான் இருப்பாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் பொன்னாடையை வாங்கிப் போர்த்திக்கொண்டாள்.

கூட்டங்களும் அதே தலைமையுரையும் தொடர்ந்தன. பொன்னாடைகள் சேர்ந்தன. ஆள் மட்டும் வரவில்லை. சும்மா இருக்க மனம் கேட்காமல் டிலக்ஷி வீட்டில் தானே ஒரு வேலை தொடங்கினாள். பிஸ்கற் ரின்னை உயரத் தட்டில் வைத்தாள். பிள்ளை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும்போது, கையைக் கொடுக்காமல் அவன் சுட்டுவிரலைப் பிடித்து ரின்னை நோக்கி நீட்டி, "பிஸ்கற்" என்பாள். பிறகு எடுத்துக் கொடுப்பாள். மாதக்கணக்காக இதே வேலை. ஒரு காலை, அவள் தொடாமலே அந்தச் சின்ன விரல் தானாக எழும்பி ரின்னைக் காட்டியது. மெல்ரோய் பல் விளக்கிக்கொண்டு நின்றவன் வாய் நிறைய நுரையோடு அழுதான்.

அந்தச் சந்தோசத்தோடு தோப்பூர்க் கூட்டத்துக்குப் போனார்கள். முன் வரிசையில் ஒரு பிள்ளை பிஸ்கற் பக்கற்றைப் பிரித்தது. பணிப்பாளர் பெயரைக் கூப்பிட வாயெடுத்த அதே கணத்தில் றிக்சன் திரும்பினான். திரும்பியது போதாதென்று விரலை நீட்டிப் பக்கற்றைக் காட்டினான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "இது நல்ல பிள்ளைதானே" என்று ஒரு பெண் சொன்னது மேடைக்குக் கேட்டது.

நிலையத்தின் வாகனத்தில் திரும்பி வரும்போது, மூதூர் தாண்டியதும் பணிப்பாளர் பின்பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"வீட்டில ஏதும் பழக்கிறீங்களோ?"

"ஓம் சேர்" என்றாள் டிலக்ஷி பெருமையோடு. "விரல் காட்டப் பழக்கினனான். தானாக் காட்டுறான் சேர்."

"ஆரைக் கேட்டுப் பழக்கினனீங்கள்?"

அவள் பிள்ளையின் விரலைத் தன் கைக்குள் பொத்தினாள்.

"தங்கச்சி, நான் உங்கட நன்மைக்குச் சொல்லுறன். அறிகுறி உள்ள பிள்ளை எண்டுதான் முதலாம் இடம் குடுத்தனான். சிகிச்சையாளர் வரேக்க அறிகுறி இல்லையெண்டா அந்த இடம் வேற பிள்ளைக்குப் போகும். நான் நினைச்சாலும் பிடிச்சு வைக்கேலாது. இப்ப நீங்கள் அரைகுறையாப் பழக்கிக் காரியத்தைக் கெடுக்காதேங்கோ. ஆள் வந்தாப் பிறகு எல்லாத்தையும் முறைப்படி செய்வம்."

அஸ்மியா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிலக்ஷி அன்றைக்கே பிஸ்கற் ரின்னைத் தட்டிலிருந்து இறக்கி, பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். மெல்ரோய் சத்தம் போட்டான். "உனக்கென்ன விசரே? வந்த விரலை வேண்டாமெண்டு சொல்லுறியே?"

"முதலாம் இடம் போயிடுமப்பா" என்றாள் அவள். "நாங்கள் படிக்காத ஆக்கள். வாற மிஸ் படிச்சவ. அவ செய்தா பிள்ளை கதைப்பான்."

கேட்கிற உங்களுக்கு அவள் மேல் கோபம் வரலாம். எனக்கு வரவில்லை. தன் பிள்ளைக்கு ஏதோ தெரியாது என்று ஊர் ஊராய் மேடையேறிச் சொன்னவளுக்கு, தனக்கும் ஒன்றும் தெரியாது என்று நம்ப எவ்வளவு நேரம் எடுக்கும்? சில வாரங்களில் அந்த விரல் மடங்கிப் போயிற்று. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தில் றிக்சன் எதற்கும் திரும்பவில்லை. பணிப்பாளர் அவன் தலையைத் தடவி, "இதுதான் கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்.

கடைசியில், றிக்சனுக்கு ஐந்து வயதாக இரண்டு மாதம் இருக்கும்போது, சிகிச்சையாளர் வந்தார். தர்ஷனா என்று ஒரு இளம் பெண். நியமனம் அல்ல. நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு சுற்று. திருகோணமலைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கியிருந்தார்கள். மத்தியானம் அவர் மட்டக்களப்புக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்கத் தோள் பையோடு இறங்கிய அவரை நிலையத்தின் வாசலிலேயே பாண்ட் வாத்தியம் மறித்தது. மாலை போட்டு மேடைக்குக் கூட்டிப் போனார்கள். விளக்கு ஏற்ற வைத்தார்கள். நாலு ஆசியுரையும் நடந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் போதெல்லாம் இன்னொருவர் வந்து பொன்னாடை போர்த்தினார். வெயிலில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடாரத்துக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். மேல்மாடி அறையின் பூட்டு அப்போதும் திறக்கப்படவில்லை. அதைப் பிரதம அதிதி திறப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது, பிரதம அதிதி இன்னும் வந்து சேரவில்லை.

"இப்பொழுது எமது விழிப்புணர்வுத் தாய் உரையாற்றுவார்" என்று கூப்பிட்டார்கள். டிலக்ஷி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். பிள்ளையை இறக்கி நிறுத்தி, ஒலிவாங்கியை விட்டுவிட்டு நேரே தர்ஷனாவைப் பார்த்தாள்.

"மிஸ், நான் பேச வரேல்ல. இவனை ஒருக்காப் பாருங்கோ. இவனுக்குத்தான் முதலாம் இடம் எண்டு சொன்னவை."

தாய் விட்ட ஒலிவாங்கிக்கு முன்னால் நின்ற றிக்சன் வாயைத் திறந்தான்.

"நேரத்தின் அருமை கருதி" என்றான். "நேரத்தின் அருமை கருதி. நேரத்தின் அருமை கருதி நான் சுருக்கமாகப் பேச விரும்புகிறேன்."

சொல் மட்டுமல்ல, குரலும் இழுவையும் இருமலும்கூடப் பணிப்பாளருடையவை. அம்மா என்று ஒரு நாளும் சொல்லாத பிள்ளை இந்த உலகத்தில் பேசிய முதல் பேச்சு அது. கூடாரம் இடிந்து விழுகிற மாதிரிக் கை தட்டினார்கள். டிலக்ஷி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று அதைப் படம் பிடித்தார்கள்.

தர்ஷனா மட்டும் கை தட்டவில்லை. "இந்தப் பிள்ளையை நான் இப்பவே பாக்க வேணும். கேட்டதைத் திருப்பிச் சொல்லுறார், அதுக்கு அர்த்தம் வேற. கனக்கப் பிந்திட்டுது" என்று எழும்பினார். எழும்பியவரின் தோளில் பணிப்பாளர் கடைசிப் பொன்னாடையைப் போர்த்தினார். அதே நேரம் பாண்ட் வாத்தியம் தொடங்கியது, பிரதம அதிதி வந்து இறங்கினார். றிக்சன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். அவனைத் தூக்கிக்கொண்டு டிலக்ஷி பின்பக்கமாக ஓடினாள். அவன் அடங்கி அவள் திரும்பி வந்தபோது மட்டக்களப்புக்குப் போகிற வாகனம் போய்விட்டிருந்தது. அஸ்மியா வாசலில் தனியே நின்றாள்.

"மிஸ் உங்களைத் தேடினாங்க" என்றாள். "நேரம் இல்லாமப் போச்சு."

மறுகிழமை பணிப்பாளர் டிலக்ஷியை நிலையத்துக் கந்தோருக்கு அழைத்து இனிப்புத் தந்தார்.

"பிள்ளை கதைச்சிட்டான். அதுவும் ஒலிவாங்கியில, வசனமாக. எங்கட நிலையத்தின்ர முதல் வெற்றி. இனி அவனுக்கு அறிகுறி எண்டு சொல்லேலாது, முதலாம் இடமும் தேவையில்ல. வயசும் ஆரம்பத்தைத் தாண்டிட்டுது."

"சேர், அவன் வேற ஒண்டும் கதைக்கிறானில்ல. அதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு இருக்கிறான்."

"நல்ல வசனந்தானே" என்றார் பணிப்பாளர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப எங்களுக்குக் கஷ்டம் என்னெண்டா, கூட்டத்துக்குப் பிள்ளை இல்ல. அறிகுறி உள்ள புதுப் பிள்ளை ஒண்டு வேணும். ஈச்சிலம்பற்றுக் கூட்டத்துக்கு வந்து நீங்கள்தான் கண்டுபிடிச்சுத் தர வேணும். உங்கட கண்ணுக்குத் தப்பாது. அந்த மிஸ் திரும்பி வந்தா, நான் அவவிட்ட றிக்சனைப் பற்றியும் ஒரு கதை போட்டு விடுறன்."

அந்த ஒரு கதைக்காக அவள் ஈச்சிலம்பற்றுக்கும் போனாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாம் முறைப்படி நடந்து முடிந்து, சனம் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் பெண் பிள்ளையோடு ஒரு இளம் தாய் டிலக்ஷியைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூப்பிட்டாள். பெயர் கீர்த்தனி. கண் வீங்கியிருந்தது.

"அக்கா, இவளுக்கு ரெண்டு வயசு. நெல்லுக் காயப் போட்டா ஒவ்வொரு மணியா எடுத்து வரிசையா அடுக்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிறாள் இல்ல. பதாகையில எழுதியிருக்கிறது முழுக்க என்ர பிள்ளையைத்தான். ராவு பகலா அழுதுகொண்டு இருக்கிறன். நீங்கள் அனுபவப்பட்டவ. சொல்லுங்கோ அக்கா, இது அதுதானே? அந்தச் சேரிட்டக் கொண்டுபோய்க் காட்டட்டே?"

டிலக்ஷி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் கூரைத் தகட்டில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் டிலக்ஷிக்குத் தெரிந்துவிட்டது. ரெண்டு வயது. எவ்வளவோ நேரம் இருக்கிறது. வீட்டில் வைத்து நீயே விரலைப் பிடித்துப் பழக்கு, ஒருவரையும் நம்பாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மண்டப வாசலில் பணிப்பாளர் கையில் பாதி கடித்த பட்டிஸோடு நின்று கண்ணை இடுக்கி இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார். முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம்.

"உங்கட பிள்ளைக்கு ஒண்டும் இல்ல" என்றாள் டிலக்ஷி அவசரமாக. "பிந்திக் கதைக்கிற பிள்ளை. கெதியா வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ."

"உண்மையாவே அக்கா?"

"உண்மையா."

கீர்த்தனி டிலக்ஷியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தாள்.

பணிப்பாளர் வந்து சேர்ந்தார். "என்னவாம்? அறிகுறிப் பிள்ளையே?"

"இல்ல சேர். இந்த ஊரில ஒருத்தருக்கும் இல்ல."

அவர் மிச்சப் பட்டிஸை வாய்க்குள் போட்டு, கவலையோடு மென்றார். "அப்ப இந்த ஊருக்கு விழிப்புணர்வு போதாது. அடுத்த மாசமும் வருவம்" என்றார்.

டிலக்ஷி தலையாட்டினாள். கீர்த்தனி தெருவுக்கு இறங்கிவிட்டாள். பிள்ளையின் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்து, சிரித்துக்கொண்டே போனாள்.